பெயர் போடாத நாற்பத்தொரு சீட்டு

வடுவன்கரை, தெற்குத் தெரு
12-9-1972

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீ பதில் எழுத வேண்டிவரும், அது உனக்கு ஆகாத வேலை. இரண்டு வருடத்தில் நீ அனுப்பியது இரண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. அதிலும் அச்சடித்தவன் எழுதியதுதான் அதிகம். இன்றைக்கு நானே முந்திக்கொண்டு எழுதக் காரணம், உங்கள் இலாகா எங்கள் தெருவுக்கு ஒரு பெட்டி அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறது. வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது மரியாதை இல்லையே.

சனிக்கிழமை ஜீப் வந்தது. மீரா உசேன் பாய் டீக்கடைத் தூணில் ஆணி அடித்து, பூட்டுப் போட்ட தகரப் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். மேலே உண்டியல் மாதிரி ஒரு வாய். உங்கள் இன்ஸ்பெக்டர் குஞ்சிதபாதம் மைக் பிடித்தார். "நக்சலைட்டுப் பசங்க யாரு, எங்க தங்குறாங்க, யாரு சோறு போடுறாங்க, தெரிஞ்சத எழுதி இதுல போடுங்க. பேரு போட வேணாம். யாரு எழுதுனதுன்னு எங்களுக்கே தெரியாது."

ஜீப் போனதும் ராசம்மாள் அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டது: "யாரு எழுதுனதுன்னு தெரியாதுங்குறாரே, யாருக்கு எழுதத் தெரியும்னு கேட்டாரா?"

தெருவே திரும்பி என்னைப் பார்த்தது. அறுபத்திரண்டு வீட்டில் பிழையில்லாமல் ஒரு கடுதாசி எழுதுகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் மாதா கோயில் வேதியர், அவருக்கு இப்போது கண் தெரியவில்லை. இரண்டாவது ஆள் செல்லதுரை, அவனே இப்போது கண்ணில் படுவதில்லை. மூன்றாவது நான், எனக்கு வாய் நிற்பதில்லை.

பெட்டி காலியாக இருந்தால் உனக்குத்தானே அவமானம் என்று முதல் சீட்டை நானே போட்டேன். "அபாயகரமான ஆள். உடம்பு சிவப்பு. பகலெல்லாம் குளத்தங்கரைப் புளியமரத்தடியில் பதுங்கிப் படுத்திருப்பான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஆயுதம் இரண்டு, எப்போதும் தலையிலேயே வைத்திருப்பான். பண்ணைக் காரியஸ்தர் தியாகராசன் வீட்டில் சாப்பாடு." காரியஸ்தர் வீட்டுச் செவலைக் காளைக்கு இதைவிட நல்ல வர்ணனை உங்கள் இலாகாவில் யாராவது எழுதிவிட்டால், நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழ்ப் பரீட்சை எழுதவில்லை.

அப்பா சுகம். தோள்பட்டை மட்டும் ரேடியோவுக்கு முந்தி மழை அறிவிப்புச் சொல்கிறது. உன்னை "அந்த ஆளு" என்று குறிப்பிடுகிறார். போன வருடம் அதுகூட இல்லை.

அருள்செல்வி


முகாம், தஞ்சாவூர்
20-9-1972

செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பெட்டியும் கிடைத்தது. இரண்டையும் பிரித்தவன் நான்தான். இந்த முகாமுக்கு வருகிற தபால், சீட்டு, மனு எல்லாவற்றையும் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றுகிற ரைட்டர் வேலை எனக்கு.

உங்கள் ஊர்ப் பெட்டியில் நாற்பத்தொரு சீட்டு. வேறு ஊர்களில் நான்கு, ஐந்து. இரண்டு ஊரில் பீடித்துண்டு மட்டும். இன்ஸ்பெக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மேசை மேல் பரப்பினார். பரப்பியதும் முகம் மாறியது. நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு ஒரே கையெழுத்து.

அவர் என்னிடம் சொன்னது: "ஒரே ஆளு முப்பத்தெட்டுச் சீட்டுப் போட்டிருக்கான்யா. ஒண்ணு பெரிய உளவாளி, இல்ல நம்மளக் குழப்புறதுக்குன்னே அவங்க வச்சிருக்குற ஆளு. எப்படியும் புடிக்கணும்."

'ழ'வுக்குக் கீழே பன்றி வால் போல ஒரு சுழி. அந்த வாலுக்காகப் பள்ளிக்கூடத்துச் சிஸ்டரிடம் நீ வாங்கிய அடி எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. இது விளையாட்டு இல்லை, செல்வி. இனிப் பெட்டிப் பக்கம் போகாதே. முப்பத்தெட்டு எதற்கு என்று எனக்கு மட்டும் எழுது.

புளியமரத்தடிக்கு இரண்டு கான்ஸ்டபிள்கள் போனார்கள். அரை நாள் பதுங்கியிருந்தார்கள். ஒருவருக்கு இடுப்பில் கட்டுப் போட்டிருக்கிறது. நான் சிரிக்கவில்லை. மாலையில், ஆள் இல்லாதபோது, கொஞ்சம் சிரித்தேன்.

அப்பாவிடம் இதைக் காட்டாதே.

மிக்கேல்ராஜ்


வடுவன்கரை
26-9-1972

அண்ணனுக்கு,

இடுப்புக் கட்டுக்காரருக்கு என் அனுதாபம். காளைக்கும்தான். அது அன்றிலிருந்து காக்கித் துணி உலர்த்தினால்கூட முறைக்கிறது.

முப்பத்தெட்டில் என்னுடையது ஒன்றுதான். மற்ற முப்பத்தேழும் தெருவினுடையது. பெட்டி மாட்டிய மறுநாளிலிருந்து நம் வீட்டு வாசலில் கூட்டம். "செல்வி, அரசாங்கம் கேட்டிருக்குல்ல, நானும் ஒண்ணு சொல்றேன், எழுது." அரசாங்கம் இவர்களிடம் எதையாவது கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்ட விஷயம் என்ன என்பதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் போடவேண்டாம் என்றதில்தான் சந்தோஷம். மனுவில் பெயர் இருந்தால் அது காரியஸ்தர் காதுக்குப் போய்விடும். இதில் போகாது.

நீதான் படித்திருக்கிறாயே. ராசம்மாள் அத்தை சொன்னது: "வீடு என்னுது, வீடு நிக்கிற மண்ணு அவங்களுது. கூலி கூடக் கேட்டா 'மண்ணக் குடுத்துட்டு வீட்டத் தூக்கிட்டுப் போ'ங்குறாங்க. வீட்ட எங்க தூக்கிட்டுப் போறது?" அப்படியே எழுதினேன். கடைமடை வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று ஆறு சீட்டு. மனைப்பட்டா கேட்டுப் பத்தொன்பது. பஸ் கேட்டு மூன்று. சவரிமுத்துத் தாத்தா, தன் பெண்சாதி தன்னை மதிப்பதில்லை, போலீஸ் வந்து எடுத்துச் சொல்லவேண்டும் என்றார். அதையும் எழுதினேன். பெயர் போடவில்லை.

ஒரு சீட்டு வேறு மாதிரி. அம்சம் அக்கா கூட்டமெல்லாம் போன பிறகு வந்தது. உட்காரவில்லை. "ஒரே ஒரு வரிதான்" என்றது. "எம்மவன் வந்தா அடிப்பீங்களா, மாட்டீங்களா?"

உனக்குத் தெரியாத கதை இது, நீ போன பிறகு நடந்தது. செல்லதுரையின் அப்பா கண்ணுசாமி மாமா இந்த வருடம் ஆனி மாதம் இறந்தார். பதினாறாம் நாள் முடிவதற்குள் காரியஸ்தர் நான்கு ஆட்களோடு வந்தார். "மனை கண்ணுசாமிக்குக் குடுத்தது. கண்ணுசாமி போயாச்சு, மனை திரும்பியாச்சு." கூரையைப் பிரித்துக் கீழே போட்டார்கள். அம்சம் அக்கா அடுப்பைச் சுமந்துகொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனது. செல்லதுரை எங்கேயும் போகவில்லை. இடிந்த சுவர் மேல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் காணோம். அடுத்த வாரம் காரியஸ்தரின் வைக்கோல் போர் எரிந்தது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் அந்தக் கூட்டத்தோடு இருக்கிறான் என்று பேச்சு.

அக்கா தினமும் டீக்கடைப் பக்கம் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறது. பதில் அதிலேயே வரும் என்று நினைக்கிறது. நான் என்ன சொல்ல?

அருள்செல்வி


தஞ்சாவூர்
5-10-1972

செல்வி,

அம்சம் அக்காவின் சீட்டை நானும் படித்தேன், இன்ஸ்பெக்டரும் படித்தார். பெயர் இல்லாவிட்டாலும் யார் என்று கண்டுபிடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. "அம்மாவக் கொண்டாந்து ஸ்டேஷன்ல உக்கார வச்சா மவன் தானா வருவான்" என்றார். "வருவான் ஐயா, தனியா வரமாட்டான்" என்றேன். அதோடு விட்டார்.

மேலிடத்துக்கு ஓர் அறிக்கை போகவேண்டும். தலைப்பு: தீவிரவாதக் குழுக்களை எதிர்கொள்ளும் வழிமுறைகள். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். திடீர்ச் சோதனை, சோறு போடுகிறவர்கள் மேல் வழக்கு, உளவு. நான்கு பக்கம் ஆகிவிட்டது. எழுதுகிற கை என்னுடையது என்பதால் பதிவேட்டையும் புரட்டிப் பார்க்கிறேன். ஓர் ஊரில் சோதனைக்கு முன்பு காட்டுக்குப் போனவன் ஒருவன். சோதனை நடந்து, தெருவில் நிற்கவைத்து அடித்த பிறகு போனவர்கள் ஐந்து பேர். இன்னோர் ஊரிலும் இதே கணக்கு. இதை ஐந்தாம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். அவரிடம் இன்னும் காட்டவில்லை.

நீ ஒன்றை மறந்துவிடாதே. அந்தக் கூட்டம் போன மாதம் பக்கத்துத் தாலுகாவில் ஒரு களத்துக் காவலாளியை வெட்டியிருக்கிறது. அவனும் கூலிக்காரன். அவன் மனைவி முகாம் வாசலில் உட்கார்ந்திருந்தாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். என்னால் அதையும் சுமந்துகொண்டுதான் இதை எழுத முடிகிறது. செல்லதுரை அதில் இல்லை. வைக்கோல் போர் வழக்கில் மட்டும் அவன் பெயர் இருக்கிறது. இன்னும் அவ்வளவுதான்.

இனி எழுதப்போவதை நான் எழுதக்கூடாது. தீபாவளி கழிந்த வாரத்தில் காட்டுக்குள் படகில் போகிறார்கள். துப்பாக்கியோடு. பிடித்து வருகிற பேச்சு எதுவும் என் காதில் விழவில்லை. அதற்கு முன்னால் அவன் தானாக வெளியே வந்துவிட்டால் நான் கூட இருப்பேன். அக்காவிடம் சொல்லிப் பார்.

இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

மிக்கேல்ராஜ்


வடுவன்கரை
11-10-1972

அண்ணனுக்கு,

அடுப்பில் போட்டாயிற்று. கடுதாசிதான் எரிந்தது, அதில் எழுதியிருந்தது எரியமாட்டேன் என்கிறது.

அக்கா கேட்டது அடிப்பீர்களா மாட்டீர்களா. நீ எழுதியது மூன்று பக்கம். அதில் 'மாட்டோம்' எங்கே இருக்கிறது என்று தேடினேன். 'கூட இருப்பேன்' இருக்கிறது. அப்பா தோளை உடைத்தபோதும் பக்கத்தில் நிறையப் பேர் கூட இருந்தார்கள். கூலி கேட்டு உட்கார்ந்திருந்த ஆளை லத்தியால் அடித்தார்கள். அடுத்த இரண்டாவது மாதம் நீ அதே லத்தியை வாங்கப் போனாய். நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது பதினாலு வயது, உன் சைக்கிள் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். அப்பாதான் சாப்பிடவில்லை.

அதனால் அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எலிப்பொறிக்குள் தேங்காய்ச் சில்லை வைக்கிற வேலையை என் கையால் செய்யச் சொல்லாதே. எனக்கு விளையாட்டுப் பிடிக்கும், இந்த விளையாட்டு மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டைக் கழித்தால் மூன்று. பள்ளிக்கூடத்தில் கழித்தல் எனக்கு வரும். அந்த மூன்றை யார் எழுதியது? மீரா உசேன் பாய் சொல்கிறார், காரியஸ்தர் தியாகராசன் மூன்று நாள் தொடர்ந்து டீ குடிக்க வந்தாராம். எங்கள் தெருக் கடையில் அவர் டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கும் குடிக்கவில்லையாம், வாங்கி வைத்துவிட்டுப் பெட்டிப் பக்கமே நின்றாராம்.

அந்தச் சீட்டுகளில் அப்பா பெயர் இருந்ததா? ஆம் இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

அருள்செல்வி


தஞ்சாவூர்
18-10-1972

செல்வி,

ஆம்.

மூன்று சீட்டு, மூன்று வேறு மையில், ஒரே கையெழுத்து. ஒன்பது பெயர். எல்லாம் விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள். இரண்டாவது பெயர் சவரியப்பன். "வைக்கோல் போருக்குத் தீ வைத்தவர், காட்டில் உள்ளவர்களுக்கு அரிசி அனுப்புபவர்."

போன வாரம் இன்ஸ்பெக்டர் அந்த ஒன்பது பேரையும் அள்ளிவரக் கிளம்பினார். ஜீப்பில் கால் வைத்துவிட்டார். "ஐயா, ரெண்டாவது பேரு எங்கப்பா" என்றேன். இரண்டு வருடத்தில் முகாமில் யாரிடமும் நான் சொல்லாதது. அவர் காலை இறக்கினார். "போர் எரிஞ்ச அன்னைக்கு அவரு எங்க இருந்தாரு?" "தெரியாதுங்கய்யா. வலது கைய தோளுக்கு மேல தூக்க அவரால முடியாது. அது தெரியும்." "ஏன் முடியாது?" என்று கேட்டார். சொன்னேன்.

உள்ளே போய் உட்கார்ந்தார். உன் முப்பத்தேழு சீட்டையும் எடுத்து வரச் சொன்னார். ஒவ்வொன்றாகப் படித்தார், வாய்விட்டு. சவரிமுத்துத் தாத்தா சீட்டுக்குச் சிரித்தார். "இதுல ஒரு நக்சலைட்டுகூட இல்லையேய்யா" என்றார். "இருக்காங்கய்யா. அடுத்த வருசத்து ஆளுங்க." ஐந்தாம் பக்கத்தை அப்போது நீட்டினேன். அவரும் திருவிடைமருதூர்ப் பக்கம் நெல் விதைக்கிற வீட்டில் பிறந்தவர்தான். படித்தார், கிழிக்கவில்லை.

போன வருடம் ஒரு சட்டம் வந்தது. போன வருடம் ஆனி மாதத்தில் எந்த மனையில் யார் குடியிருந்தாரோ, மனை அவருக்கே. உங்கள் தெருக் காகிதம் எல்லாம் தாலுகா ஆபீஸ் பரணில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. இன்ஸ்பெக்டர் தாசில்தாரைப் பார்த்தார். இம்மாதம் 30, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மீரா உசேன் கடை முன்னால் பட்டா கொடுக்கிறார்கள்.

கண்ணுசாமி மாமா போன வருடம் அந்த மனையில் இருந்தார். கூரையைப் பிரித்தது செல்லாது. வாரிசு செல்லதுரை பெயரில் பட்டா எழுதியிருக்கிறது. அவன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும்.

பொறி என்பாய். இன்ஸ்பெக்டர் மனதில் பாதி அதுதான், மறைக்கமாட்டேன். வந்தால் கைது உண்டு, வைக்கோல் போர் வழக்கு உண்டு. ஆனால் பகல், ஊர் நடு, தாசில்தார் முன்னால். படகும் இல்லை, காடும் இல்லை.

அக்காவுக்குப் பதில்: அடிக்கமாட்டோம் என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை. என் கண் முன்னால் அடிக்க விடமாட்டேன். அதற்கு அதிகாரம் தேவையில்லை. வேலை போனால் போகட்டும். இதை வாசித்துக் காட்டு.

மிக்கேல்ராஜ்


வடுவன்கரை
24-10-1972

அண்ணனுக்கு,

வாசித்துக் காட்டினேன். அக்கா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னது. பிறகு கேட்டது: "எழுதுனது யாரு?"

"எங்கண்ணன்."

"ரெண்டு வருசமா சொந்த வீட்டுக்கு வரத் தெரியாத புள்ளயா எம்மவன வீட்டுக்குக் கூட்டியாரப் போவுது?"

நல்லவேளை ராசம்மாள் அத்தை அங்கே இருந்தது. பட்டா பட்டா என்று நாலு வருடமாக அலைகிற ஆள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "திங்கக்கெழம ரோட்டோரத்து வயல்ல நடவு. நாப்பத்திரெண்டு பொம்பள எறங்குறோம். கடையிலேருந்து கூப்புடு தூரம்" என்றது. அவ்வளவுதான். அத்தை எதையும் விளக்குவதில்லை, மற்றவர்களுக்குப் புரிந்துவிடும்.

உனக்கு விளக்குகிறேன், நீ லத்தி பிடித்து நடவை மறந்திருப்பாய். வரிசையில் ஒருத்தி நிமிர்ந்தால் வரிசையே நிமிரும். ஒருத்தி கரையேறினால் மற்றவர்கள் தனியாக நட்டுக்கொண்டு போவது வழக்கம் இல்லை. திங்கட்கிழமை செல்லதுரை கையெழுத்துப் போட்டதும் அம்சம் அக்கா கரையேறும். மிச்சம் நாற்பத்தொன்றும் ஏறும். அவனை எங்கே கொண்டுபோகிறீர்களோ அங்கே வரும்.

அதனால் உனக்கு ஒரே ஒரு நிபந்தனை. ஜீப் கூடாது. ஜீப்பில் நாற்பத்திரண்டு பேர் ஏற முடியாது. ஸ்டேஷன் மூன்று மைல், நடந்துதான் போகவேண்டும். இன்ஸ்பெக்டர் கேட்டால் ஜீப்புக்கு வயிற்றுவலி என்று சொல். புளியமரத்து ஆளை அனுப்பி அதை முட்டவைக்கவும் என்னால் முடியும்.

சேதி காட்டுக்குப் போய்விட்டது. மூஸா அண்ணன் இறால் பிடிக்க அலையாத்திப் பக்கம் போகிறவர். அவரிடம் கருவாட்டுப் பானை கொடுத்தேன், அடியில் என் சீட்டு. அவனுக்கு என் கையெழுத்துத் தெரியும். வருவானா என்று மூஸா அண்ணனுக்கும் தெரியவில்லை. பானையை மட்டும் வாங்கிக்கொண்டானாம்.

இங்கே ஆளும் கட்சி இரண்டாகப் போனதிலிருந்து மீரா உசேன் பாய் கடையில் பெஞ்சும் இரண்டாகிவிட்டது. பெட்டி நடுவில் தொங்குகிறது, இரண்டு கட்சியும் அதில் சீட்டுப் போடுகிறது. என்னை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. நீ வரவில்லை என்றால் நான் அவனைக் கொன்றவள் ஆகிவிடுவேன்.

அருள்செல்வி


தஞ்சாவூர்
6-11-1972

செல்வி,

போன திங்கட்கிழமை செல்லதுரையோடு ஸ்டேஷனுக்கு நடந்த கொப்புளம் இன்னும் ஆறவில்லை, காலை நீட்டி உட்கார்ந்து எழுதுகிறேன். பூட்ஸ் வரப்பு நடைக்கு ஆகாது. பாதி வழியில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன், நீ பார்த்துச் சிரித்தாய்.

நீ பார்க்காத பகுதியை எழுதுகிறேன். உன்னை ஸ்டேஷன் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், வராந்தா முழுக்கச் சேறாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் உள்ளேயிருந்து வந்து பார்த்தார். முழங்கால் வரை சேற்றோடு நாற்பத்திரண்டு பேர் வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"யாரும்மா நீங்கல்லாம்?"

"நடவு ஆளுங்க."

"இங்க என்ன நடவு?"

ராசம்மாள் அத்தை சொன்னது: "ஒரு நாத்த உள்ள வச்சிருக்கோம். சாயாம நிக்கிதான்னு பாத்துட்டுப் போறோம்."

யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. அறைக் கதவைச் சாத்தப் போனார்கள், நான் நாற்காலியைக் கதவில் போட்டு உட்கார்ந்தேன். ஒரு ஏட்டு என்னைப் பெயர் சொல்லித் திட்டினார். இன்ஸ்பெக்டர், "தொறந்தே கெடக்கட்டும்யா, புழுக்கமா இருக்கு" என்றார். மழை பெய்துகொண்டிருந்தது.

செல்லதுரை மறுநாள் காலை அதே சட்டையோடு மாஜிஸ்திரேட் முன்னால் நின்றான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பட்டாவை மடித்து அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தான், அது மணியக்காரர் மூலம் வந்து சேரும். வைக்கோல் போரை ஒப்புக்கொண்டான். சில மாதம் உள்ளே இருப்பான். கூட்டத்தை விட்டு வந்ததற்கு அவர்கள் தேடக்கூடும் என்பதால் அதுவும் இப்போதைக்கு நல்லதுதான்.

எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. காரியஸ்தர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார், பதினொரு பட்டாவுக்குத் தடை. அதில் ராசம்மாள் அத்தையுடையதும் உண்டு. படகுப் பயணத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், விட்டுவிடவில்லை. ஆனால் சனிக்கிழமை காட்டிலிருந்து இரண்டு பையன்கள் வந்து முத்துப்பேட்டை ரோட்டில் நின்றார்கள். அவர்கள் ஊரில் பட்டா எப்போது என்று கேட்டார்கள். அறிக்கை மேலே போய்விட்டது, ஐந்தாம் பக்கத்தோடு. முப்பத்தேழு சீட்டை இணைப்பாகத் தைத்தேன். முப்பத்தெட்டாவதை, காளையை, நான் வைத்துக்கொண்டேன்.

ஒன்று எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். நடவுப் பெண்களுக்குப் பின்னால் அப்பாவும் நடந்து வந்தார். மூன்று மைலும். நான் பத்துத் தரம் திரும்பியிருப்பேன். அவர் செல்லதுரையின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிக்கேல்ராஜ்


வடுவன்கரை
3-12-1972

அண்ணனுக்கு,

அம்சம் அக்கா இடிந்த சுவர் மேலேயே கீற்று வேய்ந்துவிட்டது. தெருவே வேய்ந்தது, நான் மேலே ஏறி நின்று யோசனை சொன்னேன். ராசம்மாள் அத்தை கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போகிறது. நீதிபதியிடம் பேசவேண்டியதை இப்போதே எங்களிடம் ஒத்திகை பார்க்கிறது. நீதிபதி பாவம்.

நாளைக்குப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போக ஜீப் வருகிறதாம். அதனால் இன்று காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். "பெட்டிக்கு ஒண்ணு எழுதணும்" என்றார். சங்கத்து விஷயம் என்று நினைத்துக் காகிதத்தை எடுத்தேன். அவர் சொன்னார், நான் எழுதினேன். ஒரு சொல்லும் என்னுடையது இல்லை, என் பழைய பாவங்கள் மேல் சத்தியம். பெயர் போடவேண்டாம் என்றார். போடவில்லை. பிறகு அவரே மைப்புட்டியை இழுத்துக் கைநாட்டு வைத்தார். பெயர் போடாத சீட்டில் கைநாட்டு எதற்கு என்று கேட்டேன். "அந்த ஆளுக்கு அடையாளம் தெரியணும்ல" என்றார்.

பெட்டியில் போட்டால் உன் மேசைக்கு வரத் தாமதமாகும் என்று ஒரு நகல் எடுத்திருக்கிறேன். கீழே இருக்கிறது.

அருள்செல்வி

*

முகாம் அதிகாரி அவர்களுக்கு,

இந்தத் தெருவைச் சேர்ந்த ஒருவன் இரண்டு வருடமாகத் தலைமறைவாக இருக்கிறான். பெயர் மிக்கேல்ராஜ், வயது இருபத்து நான்கு, இடது புருவத்தில் தழும்பு. ஆறு வயதில் களத்தில் விழுந்தது. கடைசியாகப் பார்த்தது ஐப்பசி மாதம், வரப்பில், பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். கொடியவன் இல்லை. கிறிஸ்துமஸுக்கு இந்தப் பக்கம் வரக்கூடும் என்று சந்தேகம். வந்தால் பிடித்துவைக்க வீட்டில் ஆள் இருக்கிறது.

அடிக்கமாட்டோம். இதை எழுத எனக்கு அதிகாரம் உண்டு.